ஓடாத வண்டியும் ஒழியாத கடமையும்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்று நம்மவரிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. தொட்டால்தான் ஒரு பொருள் கெடும், தொடாமல் விட்டால் கெடாது என்பதே அப்பழமொழியின் அடியிலுள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை நம் வீட்டுப் பரண் முதல் நம் சங்கங்களின் புத்தக அலமாரி வரையில் ஆட்சி செலுத்தி வருகிறது. பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அது பத்திரமாயிருக்கிறது என்கிறோம். உபயோகிக்காத பொருளுக்குத் தேய்மானமில்லை, ஆகவே அதன் விஷயத்தில் நமக்குக் கடமையுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெட்டியைத் திறக்கும் நாளன்றுதான் மடிப்புத் தோறும் பட்டு இற்றுப்போயிருப்பது தெரியவருகிறது. இம்முடிவு எவ்வளவு தூரம் சரியானது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஓட்டாமல் நிறுத்திவைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளின் பாட்டரி.

வாசகருள் சிலர் நகைக்கக்கூடும். அறம் என்றும் அன்பு என்றும் பேசவேண்டிய இப்பக்கங்களில், ஈயத் தட்டும் திராவகமும் அடங்கிய ஒரு கையளவுப் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். பெரிய விஷயங்களில் நாம் செய்யும் பிழையை அளந்து காட்டக் கருவி கிடையாது. ஒருவர் தம் கடமையைச் செய்துவிட்டதாகச் சொன்னால், மெய்யோ பொய்யோ, நம்பிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டரியிலோ, இரண்டு கம்பியை வைத்துப் பார்த்தால் உண்மை எண்ணாக எழுந்து நிற்கிறது. மனிதர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் நமக்கு அகப்படவில்லை.

இவ்விஷயத்தை நாம் நினைக்கத் தொடங்கியது புலாவ் செபாங்கை முன்னிட்டு. மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், அலோர் காஜா மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். புலாவ் என்றால் மலாய் மொழியில் தீவு என்று பொருள். ஆனால் ஊரைச் சுற்றிக் கடல் கிடையாது. அதற்குப் பதிலாக ஓர் எல்லைக்கோடு உண்டு. நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பின் நகரம் இவ்வூரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எந்தக் கடை எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பது வெளியூராருக்கு விளங்காது. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இரண்டு ஊரின் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறது. முன்னர் இங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதையும் இருந்தது. 1905ல் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டுபோயினர். அந்த ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர் எத்தனை ஆயிரம் பேர் மாண்டனர் என்பது தனிக் கதை. பெயர்த்த பாதை மறுபடியும் போடப்படவேயில்லை. பெரிய பாதை மட்டும் 2013ல் மின்சாரப் பாதையாகப் புதுப்பிக்கப்பட்டது. இன்று சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர் நிலையத்து அருகில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறுகின்றனர்; சிலர் அன்று மாலையே திரும்புவர், சிலர் வாரக் கடைசியில்தான் திரும்புவர்.

சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் பால்மரம் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை வந்துவிட்டது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூருக்கும், அக்கரையிலுள்ள சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டனர். அவர்கள் வாங்கிய வண்டிகள் மட்டும் லயத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பெற்றோரோடு இருக்கின்றன. கப்சாய் என்று இந்நாட்டில் எல்லா இனத்தாரும் ஒருமுகமாக அழைக்கும் சிறு வண்டிகளே அவற்றுள் பெரும்பான்மை. தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் கூலியிலிருந்து மிச்சம் பிடித்து முதன்முதலாகச் சொந்தமாக்கிக்கொண்ட யந்திரம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஆகவே அது நிற்கும் இடத்தைக் குடும்பத்தில் ஓர் அங்கத்தினரின் இடம் என்றே சொல்லலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ல் கொள்ளை நோயின் காரணமாக இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதே நாளில் சிங்கப்பூர்ப் பாலத்தின் வழியாக அன்றாடம் வந்து போய்க்கொண்டிருந்த கூட்டமும் நின்றது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லுவதற்கான தடை, இடையிடையே தளர்ந்தும் இறுகியும், 2021 அக்டோபர் 11 வரையில் நீடித்தது. ஒரே தெருவை இரு மாநிலமாகப் பிரித்த அக்கோடு, அதுவரை படத்தில் மட்டும் இருந்தது, அப்பொழுது மனிதரை நிறுத்தும் கோடாயிற்று. சிங்கப்பூர்த் தரைவழி முழுமையாகத் திறக்கப்பட்டதோ 2022 ஏப்ரல் 1ல். அந்த இரண்டாண்டுக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளை அக்கரையிலும் வண்டி இக்கரையிலுமாக நின்றன. அவ்வண்டிகளுக்கு நேர்ந்ததே நமது ஆராய்ச்சிக்கு ஆதாரம். கட்டுப்பாடு போய்விட்டது, பிள்ளைகள் அக்கரையில் இருப்பதும் வண்டிகள் தாழ்வாரத்தில் நிற்பதும் போகவில்லை.

முதலில் அப்பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். 1859ல் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் ஈயத் தட்டுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்திச் சேமிக்கவும் மறுபடி வாங்கவும் கூடிய பாட்டரியை உண்டாக்கினார். 1881ல் காமில் ஃபோர் என்பவர் தட்டின்மேல் ஈயக்குழம்பைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்று கப்சாயின் இருக்கைக்கு அடியிலோ பக்கத்து மூடிக்குள்ளோ இருப்பது, எத்தனை திருத்தம் பெற்றிருப்பினும், சாராம்சத்தில் அதே பாட்டரிதான். உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம் தரும். ஆறும் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட்டு என்று பெயர். நிறைந்த நிலையில் சில மணி நேரம் ஓய்ந்தபின் அளந்தால் 12.7 வோல்ட்டு அளவில் காட்டும். 12.4 காட்டினால் முக்கால் பங்கு இருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறையக் காலி.

மின்சாரம் வெளியே போகப் போக, இருவகைத் தட்டின் மேலும் ஈய சல்பேட்டு என்ற வெண்மையான பொருள் படிகிறது. உடனே மின்சாரத்தைத் திரும்ப ஊட்டினால் அது கரைந்து பழைய நிலைக்கு மாறிவிடும். வாரக்கணக்காக அப்படியே விட்டால் நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்து இறுகிப்போகும். இறுகிய பின்னர் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் அப்பகுதி உயிர்பெறுவதில்லை. பாட்டரி காலியாவது அதன் இயல்பு. காலியாகவே கிடக்கும்படி விடுவதுதான் அதைக் கொல்லுகிறது.

வண்டி ஓடவில்லையே, மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்கலாம். இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, வண்டியிலுள்ள கடிகாரமும், களவு தடுக்கும் அலாரமும் இரவு பகலாகச் சிறுகச் சிறுக உண்ணுகின்றன. ஓர் அலாரம் 5 மில்லி ஆம்பியர் இழுக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அது 0.12 ஆம்பியர்-மணி. கப்சாய்ப் பாட்டரியின் முழுக் கொள்ளளவே 5 ஆம்பியர்-மணி அளவுதான். நிறைந்த பாட்டரியை ஏறக்குறைய நாற்பத்திரண்டு நாளில் காலிசெய்ய இந்த ஓர் அலாரம் போதும். கள்வனிடமிருந்து வண்டியைக் காக்க வைத்த காவற்காரன் வண்டியின் சோற்றையே தின்று தீர்க்கிற விசித்திரம் இது. மற்றொன்று, கம்பியைக் கழற்றிவிட்டாலும் பாட்டரி தனக்குள்ளேயே இழக்கிறது. சாதாரண வகையில், மிதமான வெப்பத்தில், மாதத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 5 வரையில் இவ்விதம் குறையும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில், மலாக்காவின் வெயிலில், குளிர்நாட்டார் எழுதிய கணக்கு செல்லாது. கழற்றி வைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்பவரும் ஏமாந்தவரே.

இங்கே தோட்டத்தில் வளர்ந்தவர் ஒரு தடை எழுப்பக்கூடும், தடை நியாயமானது. 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்ட காலந்தொட்டு இம்மண்ணில் அறியப்பட்ட உண்மை, பால்மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் மறுபடி பாலைச் சுரந்து நிரப்பிக்கொள்ளும். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். ஓய்வு உயிர் கொடுக்கும் என்பதை நாங்கள் கத்தி பிடித்த கையால் அறிவோம், நீர் ஓய்வு கொல்லும் என்கிறீரே என்று அவர் கேட்டால் என்ன சொல்லுவது? மரம் ஓய்ந்திருக்கும்பொழுது அதற்குள்ளே வேர் உழைக்கிறது, இலை உழைக்கிறது. வெட்டுகிறவனின் கைதான் ஓய்கிறதேயன்றி மரம் ஓயவில்லை. பாட்டரிக்குள் அப்படித் தனக்குத் தானே ஊட்டிக்கொள்ளும் வேர் கிடையாது. அதற்கு ஊட்டுகிறவன் ஓய்ந்தால் அதற்கு வரவு நின்றது, செலவோ நிற்கவில்லை. ஓய்வு என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறிப்பது நம் மொழியின் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நம்பி ஒன்றுக்குரிய நீதியை மற்றொன்றுக்கு வழங்கினால் கெடுதி வரும்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். பிள்ளை ஊரில் இல்லாத வீடுகளில் ஒரு வழக்கத்தைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகப்பனாரோ தாயாரோ தாழ்வாரத்துக்கு வந்து, வண்டியின் மேல் போட்ட துணியை விலக்கி, சாவியைத் திருகி, யந்திரத்தை ஓடவிடுகின்றனர். நின்ற நிலையிலேயே ஐந்து நிமிஷம் ஓடுகிறது. பிறகு அணைத்து, துணியை மூடிவிட்டு உள்ளே போகின்றனர். அப்படிச் செய்தால் பாட்டரி சாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. தொலைபேசியில் பிள்ளைக்கும் சொல்லுகின்றனர்: "ஒன்னும் கவலப்படாத தம்பி, வாராவாரம் ஸ்டார்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்."

கணக்கிட்டுப் பார்ப்போம். சுவிட்சை அழுத்தி யந்திரத்தைச் சுழற்றும்பொழுது ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி இழுக்கிறதென்று கொள்வோம். 150 ஆம்பியர்-விநாடி செலவு. நின்ற வண்டி மெதுவாக ஓடும்பொழுது, முன்விளக்குக்கும் மற்றவைக்கும் போக, பாட்டரிக்கு வந்து சேரும் மின்சாரம் அரை ஆம்பியர் இருந்தால் அதிகம். ஐந்து நிமிஷம் என்பது 300 விநாடி. வரவும் 150. ஸ்டார்ட்டர் உண்டது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பி வந்தது. ஏழு நாளில் அலாரம் உண்ட 0.84 ஆம்பியர்-மணிக்கு ஒரு துளியும் சேரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே; அதற்கடுத்த வாரமும் அப்படியே. இது போதாதென்று, சரியாகச் சூடேறாத யந்திரத்துக்குள் நீராவி குளிர்ந்து எண்ணெயில் கலக்கிறது. புகை தாழ்வாரத்தில் தங்கி வீட்டுக்குள் நுழைகிறது. ஏழெட்டு வாரம் சென்றபின் ஒரு ஞாயிறன்று சுவிட்சை அழுத்தினால் டக் என்ற ஓசை மட்டும் கேட்கிறது. வாரம் தவறாமல் செய்தோமே, எப்படிச் செத்தது என்று முதியவர் திகைத்து நிற்கின்றனர்.

அவர்கள் செய்தது பராமரிப்பா, சடங்கா? சடங்கு என்று நாம் சொல்லத் துணிகின்றோம். செய்கிறவருக்கு மனநிறைவைத் தந்து, செய்யப்படும் பொருளுக்கு ஒன்றும் தராத செயலுக்குச் சடங்கு என்று பெயர். அது கோவிலில் நடந்தாலென்ன, தாழ்வாரத்தில் நடந்தாலென்ன? ஆண்டுக்கொரு முறை ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பொட்டு வைக்கப்பட்ட அதே பாட்டரியின் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் அளவுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நாட்காட்டியைப் பார்த்துச் செய்வது எளிது. மீட்டரைப் பார்த்துச் செய்வதற்கு, நாம் செய்தது போதாது என்று அது சொல்லிவிடக்கூடும் என்ற அச்சத்தைத் தாங்கவேண்டும்.

ஆயினும் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை இத்துடன் தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்து நிமிஷ ஓசை யாருக்காக? பிள்ளை இரவு வேலை முடிந்து வரும்பொழுது செம்பனை வரிசைக்கு அப்பால் முதலில் கேட்ட ஓசை அது. இரண்டாண்டுக் காலம் முகம் காணாத பெற்றோர் அவ்வோசையை வாரமொருமுறை கேட்டுக்கொண்டதில் குற்றம் காண்பவன் மனிதனாக மாட்டான். அவர்கள் அதற்குப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டதுதான் இடர். மனத்துக்குச் செய்துகொண்டதை வண்டிக்குச் செய்ததாக எழுதிக்கொண்டனர். அதனால் வண்டிக்குச் செய்யவேண்டியது செய்யப்படாமலே போயிற்று.

இதே தராசில் அக்கரையிலுள்ள பிள்ளையையும் நிறுத்தலாம். அவர் வாரந்தோறும் ஐந்து நிமிஷம் தொலைபேசியில் பேசுகிறார். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா, பணம் வந்ததா என்று கேட்கிறார். சாப்பிட்டோம், போட்டோம், வந்தது என்று பதில் வருகிறது. அந்த அழைப்பை எதிர்நோக்கி ஒரு வாரம் காத்திருந்ததில் பெற்றோர் செலவிட்டது எவ்வளவு, அழைப்பினால் திரும்பி வந்தது எவ்வளவு? கேட்கப்படாத கேள்விகள், சொல்லப்படாத முழங்கால் வலி, கிராணி வீட்டார் சொன்ன ஒரு சொல், இவை ஏழு நாள் செலவில் நின்றனவே, அவற்றுக்கு வரவு உண்டா? இதற்கு மீட்டர் கிடையாது. ஆகவே நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேள்வியை மட்டும் அந்தப் பிள்ளையின் கையில் வைக்கின்றோம்.

குற்றம் யாருடையது? அறியாத முதியவருடையது அன்று என்பது நம் துணிபு. வண்டியோடு வரும் கையேடு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டு படித்த அம்மையாருக்கு அது பயன்படாது. வண்டியை விற்றவருக்கு அடுத்த பாட்டரியை விற்பதில் வரும்படி உண்டு. இதைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுப்பதில் ஒன்றுமில்லை. பிள்ளை தொழிற்சாலையில் இதைவிட நுட்பமான யந்திரங்களோடு பழகுகிறவர். அவருக்குத் தெரியும், அல்லது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துகொள்ள முடியும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் அறிவைக் கொடுக்கவில்லை. அன்பு முதியவரிடத்திலும் அறிவு இளையவரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் வீட்டில் பொருள் நடுவே கிடந்து அழிகிறது.

அழிவது ஒரு பாட்டரிதானே, வேறு வாங்கினால் போயிற்று என்று சொல்லுபவர் இரவு இரண்டு மணியை எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்து மண்சாலையில் டாக்ஸி வராத நேரம். மார்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் வண்டி இருக்கிறது, அண்டை வீட்டில் ஓட்டத் தெரிந்த இளைஞரும் இருக்கிறார். பழைய வண்டியானால் காலால் உதைத்துக் கிளப்பிவிடலாம். எண்ணெயை மின்சாரப் பம்பினால் செலுத்தும் புதுவகை வண்டிகளில் பாட்டரி செத்தால் உதைத்தும் பயனில்லாமற் போகலாம். பயன்படாமல் நிற்கும் பொருளை நாம் வைத்திருப்பதற்கே காரணம் இத்தகைய ஒரு நேரம் வரலாம் என்பதுதான். அந்நேரத்தில் அது உதவாதென்றால், இத்தனை நாள் நாம் வைத்திருந்தது வண்டியை அன்று. வண்டி இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான்.

புதிது வாங்குவதிலும் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. செத்த பாட்டரிக்குள் ஈயமும் திராவகமும் இருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. திராவகம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் கழிவு விதிகள் ஈயப் பாட்டரியைக் குப்பையோடு கொட்டலாகாத அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. வாங்கிய கடையிலோ, பழைய பாட்டரி எடுப்பவரிடமோ ஒப்படைத்தால் ஈயத்தை உருக்கி மீண்டும் தட்டாக்குகின்றனர். லயத்துக்குப் பின்னால் வாழைமரத்தடியில் போட்டுவிட்டால் அது எங்கே போகிறதென்று யாரும் பார்ப்பதில்லை. கவனித்திருந்தால் நாலைந்து ஆண்டு உழைத்திருக்கக்கூடிய ஒன்று ஓராண்டில் ஈயக் கழிவாகுமானால், அந்தச் சோம்பலின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை.

செய்யவேண்டியது என்ன? மிகச் சிறிது. வண்டி சில வாரம் நிற்கப்போகிறதென்று தெரிந்தால், முதலில் எதிர்மின் கம்பியைக் கழற்றவேண்டும், பிறகு நேர்மின் கம்பியை. மாட்டும்பொழுது நேர்மின் கம்பி முதலில். வண்டியின் உடம்பு எதிர்மின்னோடு சேர்ந்திருப்பதால் இம்முறையை மாற்றினால் ஸ்பானர் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கழற்றிய பாட்டரியை நிழலில், குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். மாதத்துக்கு இருமுறை மீட்டரில் பார்த்து, 12.4க்கு வந்ததும் ஊட்டவேண்டும். 5 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். பாதி குறைந்திருந்தால் ஐந்தாறு மணி நேரம். மூடி திறக்கும் வகையானால் தண்ணீர் குறைந்த அறையில் வடித்த நீர் மட்டும் ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, திராவகமும் ஆகாது. லிதியம் வகைப் பாட்டரிக்கு இவ்வெண்கள் பொருந்தா. அதற்கென்றே செய்த சார்ஜர் வேண்டும்.

அளவு தெரியாமல் ஊட்டுவதும் கொலையே. கட்டுப்பாடில்லாத மலிவான சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டு, நிறைய இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் விடுபவர் உண்டு. நிறைந்த பாட்டரிக்குள் மேலும் மேலும் மின்சாரம் செலுத்தினால் அது நீரைப் பிளந்து ஹைட்ரஜன் வாயுவாகவும் ஆக்ஸிஜன் வாயுவாகவும் வெளியேற்றும். தட்டு அரிக்கும், நீர் வற்றும், அடைபட்ட அறையில் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாம் கூறவேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒரே மகனை வளர்க்கும் விதத்தைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. இதற்கென்றே உண்டாக்கிய சார்ஜர், பாட்டரி நிறைந்ததும் தன் அழுத்தத்தை 13.5 வோல்ட்டு அளவுக்குக் குறைத்துக்கொண்டு, அன்றன்று இழந்ததை மட்டும் அன்றன்று ஈடுசெய்கிறது. தன் விருப்பத்தை மறந்து எதிரிலிருப்பதன் குறையை மட்டும் பார்த்துக் கொடுக்கிற குணத்தை ஒரு சிறு பெட்டிக்குக் கற்பித்துவிட்டனர். மனிதர்க்குக் கற்பிப்பது இன்னும் முடியவில்லை.

சார்ஜருக்குப் பணம் செலவிட முடியாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு மிகப் பழைய பதில் ஒன்றுண்டு: வண்டியை ஓட்டுவது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நல்ல வேகத்தில் சாலையில் ஓடினால் பாட்டரி தன் இழப்பை மீட்டுக்கொள்ளும், யந்திரமும் சூடேறி ஈரத்தைப் போக்கிக்கொள்ளும். பெற்றோர்க்கு ஓட்டத் தெரியாது, சரி. அடுத்த வீட்டில் ஒருவர் அதிகாலையில் நடந்தும், பிறர் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டும் ரயில் நிலையத்துக்குப் போகிறாரே, அவருக்குக் கொடுத்தால் என்ன? அவருக்கு வேலைக்கு வழி, வண்டிக்கு உயிர். பொருள் அதை வாங்கியவருக்கா, அதற்குத் தேவையுள்ளவருக்கா என்று மேடைகளில் பேசிவரும் பெரிய வினா, தாழ்வாரத்தில் சாவியின் உருவில் தொங்குகிறது.

கொடுக்கலாம் என்பதே நம் கட்சி. தடைகளும் இல்லாமலில்லை. சாலை வரியும் இன்சூரன்ஸும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். ஓட்டுபவரிடம் லைசென்ஸு இருக்கவேண்டும். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பென்று முன்னமே வாய்விட்டுப் பேசிக்கொள்ளவேண்டும். நிற்கிற வண்டிக்கு எதற்கு வரி என்று பலர் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதால், பாட்டரியோடு உரிமையும் சேர்ந்து செத்துப்போகிறது. இவற்றையெல்லாம் ஒழுங்குசெய்வது அக்கரையிலுள்ள பிள்ளைக்குத் தொலைபேசியிலேயே முடியக்கூடிய காரியம். மேலே நாம் சொன்ன ஐந்து நிமிஷத்தில் ஒன்றை இதற்குச் செலவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு அந்த அம்மையார், இல்லை, அவன் வண்டி அவன் வரும்வரை இங்கேயே நிற்கட்டும், வேறு யாரும் ஏறக்கூடாது என்று சொல்லக்கூடும். நம் நியாயங்கள் அனைத்தையும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டே அப்படிச் சொல்லக்கூடும். அவரோடு நாம் வாதாடப் போவதில்லை. மீட்டரின் கறுப்புக் கம்பியை எங்கே வைப்பது, சிவப்புக் கம்பியை எங்கே வைப்பது, எந்த எண்ணைக் கண்டால் சார்ஜரை மாட்டுவது என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிட்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஓசையை அவர் விரும்பினால் கேட்டுக்கொள்ளட்டும்.